தினம் கதை எழுத: பத்து நிமிசம், அழிக்காம

கதை எழுதோணும்னு ஆசை இருந்தும் மொத வரி சரியா வரலைன்னு நோட்டை மூடி வெக்கறவங்களுக்கு இதைச் சொல்றேனுங்க. ஃபோன்ல 10 நிமிசம் டைமர் வெச்சுட்டு பேனாவுல எழுதுங்க, பென்சில் வேண்டாம், கை ரப்பரைத் தேடும். வார்த்தை சிக்கலீன்னா அந்த எடத்துல ஒரு கோடு போட்டுட்டு மேல போயிருங்க. பெரிய கதையெல்லாம் தேட வேண்டாம், ஈரோடு பஸ் ஸ்டாண்டுல மஞ்ச மூட்டை மேல உக்காந்து அந்துபோன செருப்பு வாரை ஊக்குல மாட்டிட்டு இருந்த பெரியவரைப் பாத்துட்டு, இவரு யாரப் பாக்கப் போறாருன்னு ஆரம்பிச்சேன், அன்னைக்கு ஏழு வரி தான் வந்துச்சு, ஆனா அடுத்த நாளு எழுத உக்காந்ததும் கதையில அவரு பேசவே ஆரம்பிச்சுட்டாருங்க. டைமர் அடிச்சா பாதி வரியிலயே நிறுத்திருங்க, நாளைக்கு அங்கிருந்தே புடிச்சுக்கலாம். திருத்தற சோலியெல்லாம் ஞாயித்துக்கெழம மட்டும்.