குழந்தைகளுக்கு கேம் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சேலத்தில் கடைசி வருட புராஜெக்டுக்காகக் குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் ஆப் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தவறு, பெரிய தவறு: கேள்வித்தாளுக்கு வண்ணம் பூசி அதை விளையாட்டு என்பது. 7+5 எவ்வளவு, சரியாகச் சொன்னால் யானை குதிக்கும். யானைக்கும் கூட்டலுக்கும் என்ன சம்பந்தம்? பல்லாங்குழியில் 14 குழி, கையில் புளியங்கொட்டை, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்க்காமல் நன்றாக ஆடவே முடியாது. அங்கே கணக்குதான் ஆட்டம். உங்கள் கேமில் 12 மாம்பழம் பிடிக்கும் பெட்டி ஒன்றை வையுங்கள். 7 ஏற்கெனவே இருக்கிறது, குழந்தை 4 வைத்தால் ஒரு இடம் காலியாகத் தெரியும், தானே இன்னொன்றை எடுத்து வைக்கும். தப்பு என்று அலறும் சத்தமே தேவையில்லை.

அப்புறம் இந்த ஸ்டார், காயின் மோகம். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை வைத்து லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 1973-லேயே வந்துவிட்டது. பரிசு தருவதாக முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

"சரியான விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்று திரையில் எழுதாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கவே இப்போதுதான் பழகுகிறது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகள் கோடிங் பழகுவதற்காகச் செய்த ஸ்கிராட்ச் ஜூனியர் ஆப்பில் கட்டளைகள் எல்லாம் படம்தான். படம் போதாத இடத்தில் குரல் வையுங்கள், வீட்டில் பேசுகிற தமிழில்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். டவர் வரும், போகும். திறக்கும்போதெல்லாம் இன்டர்நெட் கேட்கிற ஆப்பை அங்கே யாரும் வைத்திருக்க மாட்டார்கள். போன் அப்பாவுடையது, சாயங்காலம்தான் கைக்கு வரும், அதையும் அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் பிடித்திருப்பார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு லாகின் என்று கட்டாமல் இரண்டு பேர் ஆடுகிற மாதிரி செய்யுங்கள்.

கடைசியாக, சோதிக்கும் விதம். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் அண்ணனுக்காக, அக்காவுக்காக ஆமாம் என்றுதான் தலையாட்டும். போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "இங்க தொடு பாப்பா" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருகிற ஒவ்வொரு திரையையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தியபின் வேறு குழந்தையிடம் கொடுங்கள், பழைய குழந்தைக்கு வழி தெரிந்துபோயிருக்கும்.