மேப்பை அப்புறம் விரிக்கலாம்

இரண்டு கொலை ஒரே மாதிரி தெரிந்தால் புது எஸ்.ஐ. தம்பிகள் உடனே மேப்பை விரித்துப் புள்ளி வைக்கிறார்கள். சென்னையில் இருபது வருஷம் கேஸ் கட்டு எழுதிப் பராமரிக்கும் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்தவன் சொல்கிறேன்: முதலில் பக்கத்து ஸ்டேஷன் ரைட்டரோடு ஒரு டீ சாப்பிடுங்கள். 'சந்தேக மரணம்' என்று முடித்துவைத்த கட்டுகளைக் கேளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தையவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் கிடக்கும். பிறகு வந்தவை அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194-இல். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தீர்கள்.

'காணவில்லை' புகார்களையும் புரட்டுங்கள். ஆட்டோ சங்கர் வழக்கில் ஆறு கொலை. செத்தவர்களில் சிலர் அதுவரை 'காணவில்லை' கணக்கில்தான் இருந்தார்கள்.

வில்லிவாக்கம் பக்கம் தனியாக இருந்த ஒரு பாட்டி இறந்துகிடந்தார், கழுத்தில் செயின் இல்லை. பழைய கட்டுகளை எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர் ஐயா. நாலு மாசத்துக்கு முன் வேறொரு ஸ்டேஷனில் மாரடைப்பு என்று மூடிய கட்டில் ஒரு போட்டோ. அடுப்பு மேடையில் பாதி குடித்து ஆடை படிந்த காபி டம்ளர். பக்கத்தில் இன்னொரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி. வில்லிவாக்கம் பாட்டி வீட்டிலும் அப்படியே இருந்தது. உட்காரவைத்துக் காபி கொடுக்கும் அளவுக்குத் தெரிந்த ஆள், ரேகை பதியும் என்றும் தெரிந்த ஆள். இரண்டு வீட்டிலும் சமீபத்தில் கேஸ் அடுப்பு ரிப்பேர் நடந்திருந்தது. அப்புறம் அடகுக் கடை நோட்டில் செயின் சிக்கியது.

போஸ்ட்மார்ட்டம் நடக்கும்போது ஆளை அனுப்பாமல் நீங்களே போங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ கீழ்ப்பாக்கமோ, டாக்டரிடம் தொண்டையில் இருக்கும் ஹையாய்டு எலும்பு உடைந்திருக்கிறதா என்று கேளுங்கள்; கழுத்தை நெரித்தால் அது உடையலாம். சிசிடிவி பதிவை அன்றைக்கே எடுங்கள். தெருக்கடை கேமராவில் சில நாளிலேயே பழசு அழிந்து புதுசு ஏறிவிடும். எடுக்கும்போதே, மின்னணுப் பதிவை ஆதாரமாகக் காட்டப் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழும் வாங்குங்கள், கோர்ட்டில் அலைய வேண்டாம்.

ஒருத்தனே செய்தான் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு கொலைக்கும் தனி எஃப்.ஐ.ஆர்., தனி ஆதாரம். போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது. அதை வைத்துப் பொருள் எடுத்தால், அந்தப் பொருளைக் காட்டிய பகுதி மட்டும் செல்லும்.

ஒரு விஷயத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குத் தராமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் டம்ளரை வைத்துக்கொண்டோம். ஒரு ராத்திரி ஒருத்தன் தள்ளாடிக்கொண்டு வந்து, "ரெண்டு பாட்டியையும் நான்தான் கொன்னேன்" என்றான்.

"அந்தம்மா குடிக்க என்னய்யா கொடுத்தாங்க?" என்று கேட்டார் ஐயா.

"மோர் சார்."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.