விக்டோரியா கால வரலாற்று நாவல்: தோல் பைண்டிங் முதற்பதிப்பை வாங்கும் முன் சோதிக்கும் முறை

பொன்னெழுத்து மின்னும் தோல் பைண்டிங்கைக் கண்டதும் கண் அட்டையிலேயே நின்றுவிடும். சோதனையை உள்தாள்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் கைப்பணம் இழந்துதான் கற்றேன்.

முதலில் ஒரே ஒரு நாவலைத் தேர்ந்துகொள்ளுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’. சாப்மன் அண்டு ஹால் 1859 ஜூன் முதல் டிசம்பர் வரை மாதப் பகுதிகளாகவும், பிறகு ஒரே நூலாகவும் வெளியிட்ட இதன் அடையாளங்கள் தெளிவானவை.

அடுத்து 213ஆம் பக்கத்தைத் திறவுங்கள். முதல் வெளியீட்டில், அதாவது முதற்பதிப்பில் பிழை திருத்தும் முன் அச்சான பிரதிகளில், அப்பக்க எண் 113 என்று தவறாக அச்சாகியிருக்கும். 134ஆம் பக்கத்தில் ‘அஃபெக்‌ஷனேட்லி’ என்னும் சொல்லில் சி, டி ஆகிய இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். நான் வாங்கிய சிவப்பு மொராக்கோ (ஆட்டுத்தோல்) கட்டுப் பிரதியின் தலைப்புப் பக்கத்தில் 1859 என்று இருந்ததால் அதுவே போதும் என்று நம்பிவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது 213 சரியாகவே அச்சாகியிருந்தது. அதே ஆண்டில் பிழை திருத்தி அச்சிட்ட பிரதிக்கு முதல் வெளியீட்டின் விலையைக் கொடுத்திருந்தேன்.

பிறகு இந்நாவலுக்கு ஓவியர் ஃபிஸ் வரைந்த 16 படங்களையும் எண்ணுங்கள். தாளின் உள்ளோரத்தை டார்ச் ஒளியில் பாருங்கள். வரிசையான ஊசித் துளைகள் தெரிந்தால், அது மாதப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய பிரதி. இதற்குக் கைப்பேசிக் கேமராவைவிட ஏற்றது, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸே என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயின் ‘ஹென்றி எஸ்மண்ட்’ (1852) போன்ற மூன்று தொகுதி நாவல்களில் ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே சரிபாருங்கள். மறுகட்டு செய்தவர்கள் விளம்பரத் தாள்களையும், நூலின் பெயர் மட்டும் உள்ள முன்தாளையும் நீக்கிவிடுவது வழக்கம்.

அட்டை கடைசியில்தான். பைண்டரின் பெயர் பெரும்பாலும் அட்டையின் உட்புறக் கீழோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் பதிந்திருக்கும். சாங்கோர்ஸ்கி அண்டு சட்கிளிஃப் 1901இல் தொடங்கிய பைண்டிங் நிறுவனம். ரிவியேர் என்னும் பைண்டிங் நிறுவனத்தைப் பெயிண்டன் என்னும் மற்றொரு பைண்டிங் நிறுவனம் வாங்கியது 1939இல். ஆகவே இவற்றின் பெயர்களைக் கொண்டே கட்டின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

பிற்சேர்க்கை: தோலிலிருந்து செந்நிறப் பொடி உதிர்வதாக வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணெய் தடவாதீர்கள், அது கறையாகித் தாளுக்குள்ளும் இறங்கும். அமிலமற்ற தாளுறையிட்டு வைத்து, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.