வண்டி கிளம்பும் முன்பு பார்க்க வேண்டியவை

தன்னார்வ ஆம்புலன்ஸில் புதிதாகச் சேருகிறவர் கையில் நான் முதலில் கொடுப்பது ஆக்சிஜன் சிலிண்டர் சாவி. காரணம் உண்டு. நான் சேர்ந்த இரண்டாம் மாதம், மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை ஏற்றி வந்தோம். பாதி வழியில் மாஸ்க்கின் பை சுருங்கிவிட்டது. சிலிண்டர் காலி. முந்தைய ஷிப்டில் பார்த்திருப்பார்கள் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். மாற்றுச் சிலிண்டரை இணைக்கும்வரை அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

அதனால் ஷிப்டுக்கு வந்ததும் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளைப் பாருங்கள். சிலிண்டரின் கொள்ளளவை முள் காட்டும் ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அளவால் பெருக்கி, நிமிடத்துக்கு விடும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் வரும் என்று தெரிந்துவிடும். 2 லிட்டர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் 300 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 30 நிமிடம். முள் 50-ல் நின்றால் பத்தே நிமிடம். ஆக்சிஜன் வரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் தொடும் கையில் எண்ணெய், கிரீஸ், க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அவை தீப்பிடிக்கும்.

அடுத்து சக்‌ஷன் மெஷின். வாயிலும் தொண்டையிலும் தேங்கும் சளி, வாந்தியை உறிஞ்சி எடுப்பது அதுதான். குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்தால் முள் ஏற வேண்டும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியில் பேட்டரியையும், மார்பில் ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கையுறை, போர்வை, பஞ்சு எல்லாம் எண்ணிக்கைதான்.

சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி மூச்சும் கொடுப்பது) பயிற்சியை வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. புதியவர்கள் வேகமாக அழுத்திவிடுவார்கள், ஆனால் மார்பு முழுதாக மேலெழ விடமாட்டார்கள். உடல் பாரத்தை அதன்மேலேயே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு பாரத்தை எடுங்கள், கையை எடுக்காதீர்கள். 2 நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். அடுத்தவர் முன்கூட்டியே எதிரே மண்டியிட்டுத் தயாராக இருந்தால் 5 நொடிக்குள் மாறிவிடலாம்.

ஸ்ட்ரெச்சர் பயிற்சியில் எல்லோரையும் ஒருமுறை படுக்க வைத்து, பெல்ட் போட்டு, மாடிப்படியில் இறக்குகிறேன். இறங்கும்போது கால் பக்கம் முன்னால். தூக்குங்கள், நில்லுங்கள் என்று ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும். அப்படிப் படுத்து இறங்கியவர்கள் பிறகு நோயாளியிடம் “இப்போ தூக்கப் போறோம், பயப்படாதீங்க” என்று தாங்களாகவே சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது என்ன நடந்தது, எப்போது, என்ன பாதிப்பு, நாடியும் மூச்சும் எவ்வளவு, நாம் என்ன செய்தோம் என்பதை ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் தீர்ந்ததை நிரப்பிவிட்டு நோட்டில் எழுதுங்கள். சிலிண்டருக்கு எதிரே வெறும் “சரி” வேண்டாம். முள் எத்தனையில் நிற்கிறதோ, அந்த எண்ணை எழுதுங்கள்.