மச்சு பிச்சு பயணம்: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் தன் பெரு பயணத் திட்டத்தை அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவரும் மனைவியும் போகிறார்கள். முதல் நாள் லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானம். மறுநாள் விடியற்காலை வானவில் மலை. மூன்றாம் நாள் மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு, அதுவும் அதை ஒட்டி நிற்கும் வைனா பிச்சு சிகரத்துக்கான டிக்கெட்டோடு. படித்ததும் பகீரென்றது. 2024 ஆகஸ்டில் நான் போட்ட திட்டமும் கிட்டத்தட்ட இதேதான்.

மழைக்கோட்டு, தொப்பி, காலுக்குப் பழகிய ஷூ பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

முதல் இரவே குஸ்கோவில் தங்குவது

லிமா கடலோர ஊர். குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறிவிடுகிறோம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லிமாவில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை குஸ்கோவில் பையிலிருந்து எடுத்தபோது, இன்னும் கொஞ்சம் விட்டால் வெடித்துவிடும் போல உப்பியிருந்தது.

இறங்கியவுடன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி ஊர் சுற்றுவோம். ஆறேழு மணி நேரம் கழித்துத் தலைவலி, குமட்டல், தூக்கமில்லாத இரவு என்று ஒவ்வொன்றாக வரும்.

பலருக்கும் தெரியாத விஷயம், மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் விமான நிலையத்திலிருந்து நேரே உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். 2,800 மீட்டரில் இருக்கும் ஒயான்தாய்தம்போவில் இரண்டு இரவு தங்கி, மச்சு பிச்சு பார்த்துவிட்டு, அப்புறம் குஸ்கோவுக்கு ஏறலாம். வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். அதைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் இந்தத் தொந்தரவுக்கு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ, காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

விடுதிகளில் கொடுக்கும் கோகா தேநீர் இதமாக இருக்கும். அதற்காக அந்த இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள். இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

வைனா பிச்சு டிக்கெட் எடுத்தால் எல்லாம் பார்க்கலாம் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

மச்சு பிச்சுவுக்குள் இஷ்டப்படி நடக்க முடியாது. 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் மொத்தம் பத்து வழிகள் என்று பிரித்திருக்கிறார்கள். டிக்கெட்டில் எந்த வழி அச்சாகியிருக்கிறதோ அதில்தான் போக வேண்டும். எல்லாம் ஒருவழிப்பாதை. தாண்டி வந்த இடத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள்.

முதல் சுற்று மேல்தளங்களோடு நின்றுவிடும். நகரம் முழுவதும் கண்முன்னே விரியும், ஆனால் உள்ளே இறங்க முடியாது. இரண்டாம் சுற்றில் மேலேயிருந்தும் பார்க்கலாம், உள்ளேயும் நடக்கலாம். மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி: சூரியக் கோயில், நீர்த்தொட்டிகள், காண்டோர் கோயில். வைனா பிச்சு இந்த மூன்றாம் சுற்றில்தான் சேர்கிறது.

அப்போது சாதாரண டிக்கெட் 152 சோல் (பெரு நாட்டுப் பணம்), வைனா பிச்சு 200 சோல். கூடுதல் பணம் கொடுத்தால் சாதாரண டிக்கெட்டில் உள்ளதெல்லாம் கிடைக்கும், அதற்கு மேல் சிகரமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நுழைவாயிலைத் தாண்டிச் சற்று நடந்ததும் பாதை பிரிந்தது. எல்லோரும் மேலே ஏறினார்கள், நானும் ஏறப் போனேன். காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். சுற்று எண் இருந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை தட்டிவிட்டு, கீழ்ப்பாதையைக் காட்டினார்.

சிகரம் ஏறினேன். செங்குத்தான படிகள், சில இடங்களில் கம்பிக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் நின்றபோதுதான் உறைத்தது. நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கும் அந்தப் படத்தில், இடிபாடுகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மலையே வைனா பிச்சுதான். அதன் மேலேயே ஏறி நின்றால் அந்தக் காட்சி எப்படிக் கிடைக்கும்? எதிர்ப்பக்கத்திலிருந்து, வெகு கீழே, உள்ளங்கை அளவுக்கு நகரம் தெரிந்தது. சாயங்காலம் ரயில், மறுநாள் விமானம். அந்த ஒரு காட்சிக்காகவே அடுத்த ஆண்டு மறுபடி அத்தனை தூரம் போனேன். செலவானது சில ஆயிரம் ரூபாய் இல்லை, ஒரு முழுப் பயணத்தின் காசு.

அந்தத் தம்பிக்கு ஒரு ஏஜென்ட் இதே டிக்கெட்டை "முழு மச்சு பிச்சு" என்று சொல்லி விற்றிருக்கிறார். தெரிந்தே விற்றாரோ தெரியாமல் விற்றாரோ, நஷ்டம் போகிறவருக்குத்தான்.

முதல் தடவை போகிறவர்கள் இரண்டாம் சுற்றை எடுங்கள். சிகரமும் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். பெரு கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் நேரடியாகவே வாங்கலாம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, கூட்டம் அதிகம். அந்த மாதங்களுக்கு இரண்டாம் சுற்று வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் முதலில் நுழைவு டிக்கெட், பிறகு ரயில், அதற்குப் பிறகு விடுதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மலையடிவார ஊரான அகுவாஸ் கலியென்தெஸில் நேரிலும் கொஞ்சம் டிக்கெட் விற்கிறார்கள், ஆனால் அதை நம்பினால் வரிசையில் நிற்கவே ஒரு நாள் போய்விடும்.

பெயர்

பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். இனிஷியலோடு பழகிய நமக்கு இது லேசில் பிசகும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், நாம் பழக்கத்தில் "எஸ்." என்று போட்டுவிடுவோம். மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்தே போகும் இன்கா தடத்துக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் பெயரில் வாங்கியதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது.

பிப்ரவரி

இன்கா தடம் பராமரிப்புக்காக மாதம் முழுக்க மூடியிருக்கும்.

கழிப்பறை

மச்சு பிச்சு வாசலுக்கு வெளியே மட்டும்தான்.

ஒயான்தாய்தம்போவை ரயில் நிலையமாக மட்டும் பார்ப்பது

மச்சு பிச்சு ரயில் இங்கிருந்து கிளம்புவதால், பலரும் பெட்டியை உருட்டிக்கொண்டு ஊரைக் கடந்துவிடுகிறார்கள். தெருவோரக் கல் வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிற இன்கா ஊர் இது. கோட்டைப் படிகளில் ஏறினால் உச்சியில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய கல் பட்டை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். அந்தக் கற்கள் ஆற்றுக்கு அக்கரையில், எதிர்மலைச் சரிவிலிருந்து வந்தவை. வேலை பாதியில் நின்றதால், வந்து சேராத கற்கள் வழிநெடுகக் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் களைத்துப்போன கற்கள் என்கிறார்கள். காலையில் கதவு திறந்ததும், குஸ்கோ பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் ஏறிவிட்டால், அந்த ஆறு கற்களுக்கு முன்னால் அமைதியாக நின்று பார்க்கலாம். பத்து நாள் செல்லும் சுற்றுலா அட்டையிலேயே இதற்கும், மற்ற இன்கா இடங்களான பிசாக், சக்சைவமானுக்கும் நுழைவு அடங்கியிருக்கிறது.