பிடிஎஃப் இணைப்பு மட்டும் காணாமல்போனது

எங்கள் தாவரவியல் ஆய்விதழின் இணையதளத்தைப் புதுப்பித்த பிறகு, புதிய கட்டுரைகள் கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் தலைப்போடு வந்தன. தலைப்புக்கு அருகே இருக்க வேண்டிய பிடிஎஃப் இணைப்பு மட்டும் இல்லை.

முதலில், தேடுபொறிகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் பார்த்தேன். தடை எதுவும் இல்லை. கோப்பு 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். எங்களுடையவை 2 எம்பியைக்கூடத் தாண்டவில்லை. தலைப்பு, ஆசிரியர், தேதி, பிடிஎஃப் முகவரி என, பக்கத்தின் நிரலில் தேடுபொறிக்காக எழுதும் எல்லா மெட்டா குறிச்சொற்களும் ஒழுங்காகவே இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தே நான்கு நாள் போனது.

கூகுள் ஸ்காலரின் விதிமுறையை வரிவரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. குறிச்சொல் சுட்டும் பிடிஎஃப், கட்டுரைச் சுருக்கப் பக்கம் இருக்கும் அதே துணை அடைவில் (கோப்புறையில்) இருக்க வேண்டும். புது வடிவமைப்பில் பிடிஎஃப் எல்லாவற்றையும் தனியாக ஒரு பதிவிறக்க அடைவுக்குக் கொண்டுபோயிருந்தோம். அவற்றை அந்தந்தச் சுருக்கத்தின் அடைவுக்கே மாற்றி, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் போட்டேன். இதைத் தவறவிடாதீர்கள்: பிறர் மேற்கோள் காட்டிய இணைப்பு அறுந்தால் ஆய்விதழுக்குப் பெரிய இழப்பு.

அடுத்த இதழின் கட்டுரைகள் பிடிஎஃப் இணைப்போடு வந்தன. அப்பாடா என்றிருந்தது. முன்பே பதிவானவை மாறச் சில மாதங்கள் பிடிக்கும்.