‘வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்று பதில் சொல்லாதீர்கள்: உடன் வேலை பார்ப்பவர் பின்தொடரும் வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண், கையில் போன். “அவர் அனுப்பின மெசேஜ் எல்லாம் காட்டுங்கம்மா” என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். “டெலிட் பண்ணிட்டேன் மேடம். வீட்டுக்காரர் பார்த்தா வேற மாதிரி நினைச்சுக்குவாரு.” எட்டு மாதத் தொல்லையில் மிஞ்சியிருந்தது மூன்று மிஸ்டு கால்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் என்ன கேட்கிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அழித்திருக்க மாட்டார்.

பின்தொடர்வது தனிக் குற்றமானது 2013-இல், இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்தபோது. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்னால் வந்தாலோ தொடர்புகொண்டாலோ குற்றம். அவளுடைய மெயில், இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதும் குற்றம். ‘தெளிவாக’, ‘திரும்பத் திரும்ப’ என்ற இரண்டு வார்த்தைகளைச் சுற்றியே வழக்கு நடக்கும்.

தெளிவு என்பதில்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். பெண்கள் எப்படி மறுக்கிறார்கள்? “வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.” “இப்போதைக்கு அதெல்லாம் யோசிக்கல.” இல்லையென்றால் ஒரு ஸ்மைலி போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காரணம் புரியாமல் இல்லை. நாளைக்கும் அதே ஆளுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார வேண்டும். அவரே டீம் லீடாக இருந்தால் அப்ரைசலும் அவர் கையில். ஆனால் அந்த ஆள் “வீட்டில் சம்மதித்தால் சரி” என்று படித்துக்கொள்கிறார். பின்னாளில் அவருடைய வக்கீலும் அப்படியே படித்துக் காட்டுவார்.

ஒரே ஒரு தடவை, எழுத்தில் அனுப்புங்கள்: “எனக்கு விருப்பம் இல்லை. வேலை விஷயம் தவிர வேறு எதற்கும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.” அவ்வளவுதான். காரணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், ‘ப்ளீஸ் புரிஞ்சுக்கோங்க’ வேண்டாம். வேலைப் பேச்சை டீம் குரூப்பிலோ மெயிலிலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “சாப்டீங்களா?” என்ற மெசேஜில் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இந்த மறுப்புக்குப் பிறகு வந்த நாற்பதாவது “சாப்டீங்களா?” சாட்சி ஆகிவிடும். இப்படி எழுதி அனுப்பாதவர்களுக்கு வழக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிளாக் செய்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும்கூட மறுப்புதான். நிரூபிக்கக் கொஞ்சம் கூடுதலாகப் போராட வேண்டியிருக்கும்.

மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருப்பவர்களும் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போனைக் கொடுத்துவிடுவார்கள். மின்னணு ஆதாரத்தின் நகலைக் கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலப் போன் கையில் இல்லாவிட்டால் அதில் ஆயிரம் கேள்வி வரும். போனைப் பத்திரமாக வையுங்கள். பிளாக் செய்வதற்கு முன் சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அப்புறம், ஆபீஸ் சிசிடிவி பதிவு ரொம்ப நாள் இருக்காது, மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். பார்க்கிங்கில் வழிமறித்தார் என்றால் அன்றைக்கே ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவையும் கார்டு ஸ்வைப் விவரத்தையும் அழிக்காமல் வைக்கவும்.

புகாரில் “சில மாதங்களாகத் தொல்லை கொடுத்து வருகிறார்” என்று எழுதினால் போலீஸுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. “மார்ச் 3, மாலை 6.40, ஆபீஸ் கேப்பில் இருந்து இறங்கிய இடத்தில் பைக்கில் நின்றார். மார்ச் 5, இரவு 11.15, வேறு எண்ணில் இருந்து நான்கு கால்” என்று எழுதுங்கள்.

ஸ்டேஷனில் நடக்கும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். சி.எஸ்.ஆர். அதை எஃப்.ஐ.ஆர். என்று நம்பி லேமினேட் செய்து வைத்திருந்த ஒரு அப்பாவைப் பார்த்திருக்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும். வழக்குப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர்., அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் எல்லையில் வராது என்று திருப்பி அனுப்பவும் முடியாது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

பெரும்பாலும் நடப்பது வேறு. பின்தொடர்ந்தவரைக் கூப்பிட்டு, “இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்” என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். சரி, அதோடு விஷயம் முடிந்தால் நல்லது. ஆனால் அந்தக் காகிதத்தின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதற்குப் பிறகும் அவர் மெசேஜ் அனுப்பினால், விருப்பமில்லை என்பது தனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இருக்காது.

“ஹெச்.ஆர்.கிட்ட சொல்லிட்டேன்” என்பதும் புகார் ஆகாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் போக வேண்டும், கடைசியாக நடந்த சம்பவத்தில் இருந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ‘குழு விசாரணை முடியட்டும், அப்புறம் போலீஸுக்குப் போகலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். நீங்கள் போலீஸுக்குப் போக விரும்பினால் நிறுவனம் உதவ வேண்டும் என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது.

நிறுவனங்கள் செய்யும் பெரிய தவறு, ஆளை வேலையை விட்டு அனுப்பியதும் கோப்பை மூடுவது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இ.எஸ்.எல். என்ற நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபார்லி என்ற ஊழியர் 1984 முதல் உடன் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய 200 கடிதங்கள். 1986-இல் வேலையை விட்டு நீக்கினார்கள், பின்தொடர்வது நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் அந்தப் பெண் தற்காலிகத் தடை உத்தரவு வாங்கினார். அடுத்த விசாரணை 17ஆம் தேதி. 16ஆம் தேதி ஃபார்லி துப்பாக்கிகளோடு அதே அலுவலகத்துக்குள் புகுந்து 7 பேரைக் கொன்றார். அந்தப் பெண் படுகாயத்தோடு பிழைத்தார். அமெரிக்காவின் முதல் பின்தொடர்தல் தடுப்புச் சட்டத்தை 1990-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். எல்லா வழக்கும் இப்படிப் போகாது. இருந்தாலும் வேலை நீக்கத்துக்குப் பிறகும் வாசலில் செக்யூரிட்டியிடம் அவர் போட்டோ இருக்க வேண்டும். ஜாமீனில் வந்தவர் மறுபடி தொடர்புகொண்டால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அண்ணனும் மாமாவும் போய் நாலு தட்டு தட்டிவிட்டு வருவது நம் வீடுகளில் சகஜம். மறுநாள் அவர் ஜி.எச்.சில் படுத்துக்கொண்டு எதிர்ப்புகார் கொடுப்பார். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க ‘இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கோங்க’ என்பதாகத்தான் இருக்கும். முகநூலில் அவர் படத்தைப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதை, அடிதடி வழக்குக்குப் பதில் அவதூறு வழக்கு.

கடைசியாக ஒன்று. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வேலை மாறியிருப்பீர்கள், ஹாஸ்டல் மாறியிருப்பீர்கள், எண்ணையும் மாற்றியிருப்பீர்கள். சம்மன் பழைய ஹாஸ்டலுக்குப் போய் ‘இங்கு இல்லை’ என்று திரும்பும். வீடு மாறிய வாரமே புது முகவரியை விசாரணை அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதை எஃப்.ஐ.ஆர். நகலோடு சேர்த்து பின் பண்ணி வையுங்கள்.